விதைநெல்லைப் போலச் சூரைக் குஞ்சையும் காக்க வேண்டும்

தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்குத் தெற்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்மேடும், அதன் மேல் திருச்சிலுவை ஆலயமும், கலங்கரை விளக்கமும் மணப்பாட்டின் அடையாளங்கள். ஊருக்கு மேற்கே உடன்குடி வட்டாரம் முழுவதும் பனையும் தென்னையும் வாழையும் பயிராகின்றன. கிழக்கே கடல். ஒரு பக்கம் மண்ணை நம்பியும் மறுபக்கம் நீரை நம்பியும் குடும்பங்கள் பிழைத்து வருகின்றன. இரண்டு தொழிலுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. அடுத்த விளைச்சலுக்கு வேண்டியதை விட்டு வைத்து விட்டுத்தான் மீதியை எடுக்க வேண்டும். விவசாயி விதைநெல்லைக் குதிரில் தனியே வைக்கிறார். கடலில் அந்த விதைநெல், முட்டையிடும் வயதை இன்னும் எட்டாத மீன் குஞ்சுதான். அதை வாரிக் கொண்டு போனால் பின்னால் என்ன ஆகும் என்பதற்குச் சூரை மீன் நல்ல உதாரணமாகும்.

சூரையின் வகைகள்

மணப்பாடு, தூத்துக்குடி, தருவைக்குளம் பகுதிகளில் சூரை என்ற பெயரில் பல மீன்கள் கரைக்கு வருகின்றன. கரையை ஒட்டிய கடலில் கிடைப்பவை சூரையும் எலிச்சூரையும் ஆகும். சற்று ஆழமான கடலில் கூட்டம் கூட்டமாகத் திரிவது வரிச்சூரை. இதன் வயிற்றில் நீளவாக்கில் கறுப்புக் கோடுகள் ஓடும். எல்லாவற்றிலும் மதிப்பு மிக்கது மஞ்சள் துடுப்புச் சூரை. நன்கு வளர்ந்தால் ஓர் ஆளின் எடையையும் தாண்டும்.

இம்மீன்கள் ஓரிடத்தில் தங்குவதில்லை. மஞ்சள் துடுப்புச் சூரை இந்துமாக்கடலின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை அலையக்கூடியது. இன்று மன்னார் வளைகுடாவுக்கு வெளியே தூண்டிலில் அகப்படும் மீன், சில மாதங்களுக்கு முன் மாலத்தீவு அருகில் இருந்திருக்கலாம். ஆகவே ஆப்பிரிக்கக் கரையருகே ஒரு பெரிய கப்பல் என்ன செய்கிறது என்பதும் மணப்பாட்டு மீனவரின் வலையைப் பாதிக்கும். ஆற்றின் தலைமடையில் தண்ணீரை மடக்கினால் கடைமடைக்காரரின் வயல் காய்வது போலத்தான் இதுவும்.

பெருங்கப்பல்கள் பிடிக்கும் விதம்

1980-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகளின் பெரிய சுருக்குமடிக் கப்பல்கள் இந்துமாக்கடலின் மேற்குப் பகுதிக்கு வரத் தொடங்கின. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள வலையை மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடிப்பக்கத்தைச் சுருக்குப் பை போல இழுத்து மூடி, ஒரே வீச்சில் பல டன் மீனை அள்ளுவது இவற்றின் முறை. பிடித்த மீன் பெரும்பாலும் டப்பாவில் அடைக்கும் ஆலைகளுக்குச் செல்கிறது.

இக்கப்பல்கள் கடலில் மிதவைகளை விடுகின்றன. மிதக்கும் கட்டை, ஓலை போன்றவற்றின் நிழலில் மீன்கள் கூடும் என்பதை நம் மீனவர்கள் வெகுகாலமாக அறிவார்கள். பெருங்கப்பல்காரர்கள் அதே வித்தையை இயந்திரத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். மிதவை எங்கே இருக்கிறது, அடியில் எவ்வளவு மீன் சேர்ந்திருக்கிறது என்ற செய்தியைச் செயற்கைக்கோள் வழியாகக் கப்பலுக்கே அனுப்பும் கருவிகள் அதில் பொருத்தப்படுகின்றன. தேடி அலைய வேண்டியதில்லை.

இதில் உள்ள கேடு யாதெனில், மிதவையின் அடியில் வளர்ந்த வரிச்சூரையோடு மஞ்சள் துடுப்புச் சூரையின் குஞ்சுகளும் பெருங்கண் சூரையின் குஞ்சுகளும் கலந்து நிற்கின்றன. வலைக்கு வித்தியாசம் தெரியாது. எல்லாம் ஒன்றாக அள்ளப்படுகின்றன. சுறாவும் ஆமையும் கூடச் சிக்குவதுண்டு. கைவிடப்பட்ட மிதவைகள் நீரோட்டத்தில் மிதந்து சென்று பவளப் பாறைகளில் மாட்டிக்கொள்கின்றன.

குஞ்சைப் பிடித்தால் எவ்வளவு நஷ்டம்?

மஞ்சள் துடுப்புச் சூரை அரை மீட்டர் நீளம் இருக்கும்போது ஏறத்தாழ இரண்டரை கிலோ எடை இருக்கும். நீளம் இரு மடங்காகி ஒரு மீட்டரை எட்டும்போது எடை இரு மடங்காவதில்லை. எட்டு மடங்காகி, ஏறத்தாழ 20 கிலோ ஆகிவிடுகிறது. பெரும்பாலான மீன்கள் முட்டையிடத் தொடங்குவதும் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்தை எட்டும்போதுதான். இந்த வளர்ச்சிக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துக் குஞ்சுகளைப் பிடித்தால் கிடைப்பது 25 கிலோ. அவற்றை விட்டுவிட்டால் எல்லாமே பிழைக்கும் என்று சொல்ல முடியாது. பெரிய மீன்கள் சிலவற்றைத் தின்னும், சில நோயில் சாகும். பத்தில் மூன்று மட்டும் பிழைத்து ஒரு மீட்டர் வளர்ந்தன என்று வைத்துக்கொண்டாலும் 60 கிலோ கிடைக்கும். அவற்றில் சில ஒரு தடவையாவது முட்டையிட்டிருக்கும். பெரிய மீனுக்குக் கிலோவுக்குக் கிடைக்கும் விலையும் அதிகம். பால் பிடிக்கும் கதிரை அறுத்து மாட்டுக்குப் போடும் விவசாயி யாரும் இல்லை. கடலில் அது தினமும் நடக்கிறது.

நாடுகள் கூடி எடுத்த முடிவுகள்

சூரை ஒரு நாட்டுக்குச் சொந்தமான மீன் அல்ல என்பதால், ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனத்தின் கீழ் இந்துமாக்கடல் சூரை ஆணையம் அமைக்கப்பட்டது. இதற்கான ஒப்பந்தம் 1993-ல் ஏற்கப்பட்டு 1996-ல் நடைமுறைக்கு வந்தது. தலைமையகம் செஷல்ஸ் தீவில் உள்ளது. இந்தியாவும் இதில் உறுப்பு நாடாகும்.

2015-ல் நடந்த ஆய்வில், மஞ்சள் துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு இருப்பு குறைந்து விட்டது என்று விஞ்ஞானிகள் அறிவித்தனர். அதையடுத்து 2016-ல் பிடிப்பைக் குறைக்கும் தீர்மானம் நிறைவேறியது. பெரிய சுருக்குமடிக் கப்பல்களை உடைய நாடுகள் 2014-ஆம் ஆண்டுப் பிடிப்பிலிருந்து 15 சதவீதம் குறைக்க வேண்டும் என்று கூறப்பட்டது. பின்னர் வந்த குறைப்புத் தீர்மானங்கள் சிலவற்றுக்கு இந்தியா உட்படக் கரையோர நாடுகள் சில ஆட்சேபம் தெரிவித்தன. பெருங்கப்பல்கள் செய்த சேதத்துக்குச் சிறு படகுக்காரர் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்பதே சச்சரவின் சாரம்.

மிதவைகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. ஒரு கப்பலுக்கு 300 என்றிருந்த வரம்பை மேலும் படிப்படியாகக் குறைக்க 2024-ல் முடிவாயிற்று. இரண்டரை கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளமுள்ள மிதவை வலைகளை ஆணையத்தின் எல்லை முழுவதும் 2022 முதல் விலக்க வேண்டும் என்ற தீர்மானமும் உண்டு. 2024-ல் வெளியான ஆய்வின்படி மஞ்சள் துடுப்புச் சூரையின் நிலை முன்பு அஞ்சிய அளவுக்கு மோசமாக இல்லை. இது நல்ல செய்தி. ஆனால் ஒரு வருஷம் மழை நன்றாகப் பெய்தது என்பதற்காக யாரும் கண்மாய்க் கரையை உடைத்து விடுவதில்லை. கட்டுப்பாடு தொடர்ந்தால்தான் இருப்பும் தொடரும்.

குறை முழுவதையும் பெருங்கப்பல்களின் தலையில் போட்டுவிட்டு ஒதுங்கவும் இயலாது. இந்துமாக்கடலில் பிடிபடும் சூரை வகைகளில் ஏறத்தாழப் பாதி, கரையோர நாடுகளின் சிறு, நடுத்தரப் படகுகளின் பிடிப்பாகும். ஒவ்வொரு படகும் பிடிப்பது சிறிதானாலும் படகுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன.

ஒவ்வொன்றாகப் பிடிக்கும் மாலத்தீவு

நல்ல முறைக்கு உதாரணம் வெகு தூரத்தில் இல்லை. மாலத்தீவிலும் நம் லட்சத்தீவைச் சேர்ந்த மினிக்காயிலும் மீனவர்கள் கழித் தூண்டிலால் வரிச்சூரை பிடிக்கிறார்கள். கரையோரக் காயலில் சிறு மீன்களை உயிருடன் பிடித்துப் படகின் தொட்டியில் வைத்துக்கொள்வார்கள். சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அவற்றை அள்ளி வீசித் தண்ணீரைத் தெளிப்பார்கள். கூட்டம் மேலே எழும்பியதும் படகின் பின்புறம் வரிசையாக நின்று கழியால் ஒவ்வொரு மீனாகத் தூக்கிப் போடுவார்கள். ஆமை சிக்காது, ஓங்கில் சிக்காது, கடலில் வலை தொலையாது.

இம்முறையில் பிடித்த மாலத்தீவு வரிச்சூரைக்கு 2012-ல் மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில் என்ற பன்னாட்டு அமைப்பு நற்சான்று வழங்கியது. அந்த முத்திரை உள்ள மீனைத் தேடி வாங்கும் கடைகள் ஐரோப்பாவில் உண்டு. பழைய முறை, புதிய சந்தையைப் பிடித்துக் கொடுத்தது.

இதிலும் ஒரு தொல்லை இல்லாமல் இல்லை. இரை மீன்கள் பவளத் திட்டுகளை நம்பி வாழ்பவை. கடல் சூடேறிப் பவளம் வெளுக்கும் ஆண்டுகளில் இரை மீன் குறைகிறது. இரை இல்லையேல் கழித் தூண்டில் இல்லை. மன்னார் வளைகுடாவின் பவளத் திட்டுகளைக் காப்பதும் மீன்பிடிப்பைக் காப்பதன் ஒரு பகுதியே என்பது இதனால் விளங்கும்.

முத்துப் பார்கள் தரும் பாடம்

கடலில் ஒரு செல்வம் வற்றிப்போவது இக்கரைக்குப் புதிதல்ல. தூத்துக்குடிக் கடலின் முத்துக்குளிப்பு உலகப் புகழ் பெற்றது. மணப்பாட்டுக்கு எதிரேயும் முத்துப் பார்கள் உள்ளன. சிப்பி முற்றியிருக்கிறதா என்று அதிகாரிகள் பார்களைச் சோதித்த பிறகே குளிக்க அனுமதி கிடைக்கும். பல ஆண்டுகள் குளிப்பே இல்லாமலும் கழிந்ததுண்டு. அவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் 1961-க்குப் பிறகு அங்கே முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. காரணங்கள் பல. கடலில் ஒன்று குறைந்து விட்டால், மீண்டும் வேண்டும் என்று நினைத்த நேரத்தில் அது திரும்பி வராது என்பது மட்டும் உறுதி. சூரை விஷயத்தில் அந்த நிலை வருமுன் விழித்துக்கொள்ள வேண்டும்.

ஆழ்கடல் படகுத் திட்டம்

பாக் நீரிணைப்பில் இழுவைப் படகுகளின் நெருக்கடியைக் குறைப்பதற்காக, சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகுகளுக்கு மாற மீனவர்களுக்கு உதவும் திட்டம் 2017-ல் தொடங்கியது. 80 லட்சம் ரூபாய் மதிப்புள்ள படகுக்கு மத்திய அரசு 50 சதவீதமும் மாநில அரசு 20 சதவீதமும் மானியம் அளித்தன. மீதியில் 10 சதவீதம் மீனவரின் பங்கு, 20 சதவீதம் வங்கிக் கடன். பின்னர் படகின் மதிப்பு உயர்த்தப்பட்டது. மூன்று ஆண்டுகளில் 2,000 படகுகள் என்பது குறிக்கோள். ஆனால் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை.

டிராக்டர் வாங்கிய விவசாயிகளுக்கு இதன் காரணம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரிய படகு வந்தால் டீசல் செலவு, ஐஸ் செலவு, ஆள் கூலி, கடன் தவணை எல்லாம் கூடவே வரும். பல நாள் கடலில் தங்கிச் சூரை பிடிப்பது கரையோர மீன்பிடிப்பிலிருந்து வேறுபட்ட தொழில். பயிற்சியும் நல்ல விலைக்கு வாங்கும் ஏற்பாடும் இல்லாமல் படகு மட்டும் வந்தால், கடனை அடைக்க அதிகமாகப் பிடிக்க நேரும். அது கடலுக்கும் நல்லதல்ல, மீனவருக்கும் நல்லதல்ல.

குறைந்த மீனில் அதிக வருவாய்

சிறு படகுக்காரர் கடைப்பிடிக்கக் கூடிய முறைகள் சில உண்டு.

1. வலையின் கண் அளவு: பருவலை, பொடிவலை எதுவாயினும் கண் பெரிதாக இருந்தால் குஞ்சு தப்பிவிடும். ஒரு முழம் நீளம்கூட இல்லாத சூரையையும், இரண்டு முழத்துக்குக் குறைந்த மஞ்சள் துடுப்புச் சூரையையும் தேடிப் பிடிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

2. தூண்டில்: முனை உட்புறம் நன்கு வளைந்த வட்டத் தூண்டிலைப் பயன்படுத்தினால் ஆமைகள் விழுங்குவது குறையும். மீனுக்கும் வாயோரத்தில் மாட்டுவதால் அது உயிருடன் படகுக்கு வரும்.

3. வலையைத் தாழ்த்திக் கட்டுதல்: செவுள் வலையின் மேல்கயிற்றை நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் கீழே நிற்கும்படி விட்டால், மூச்சு வாங்க மேலே வரும் ஓங்கிலும் ஆமையும் சிக்குவது வெகுவாகக் குறைகிறது. பாகிஸ்தான் மீனவர்கள் இதைச் செய்து பார்த்துப் பலன் கண்டிருக்கிறார்கள்.

4. தொலைந்த வலை: நைலான் வலை மக்காது. அறுந்து போன துண்டு ஆளில்லாமலேயே மீன் பிடித்துக்கொண்டிருக்கும். கிழிந்த வலையைக் கடலில் எறியாமல் கரைக்குக் கொண்டு வர வேண்டும்.

5. பிடித்தவுடன் பக்குவம்: சூரையின் உடல் மற்ற மீன்களைப் போல் குளிர்ந்து இருப்பதில்லை. போராடும்போது அதன் உடற்சூடு மேலும் ஏறுகிறது. துள்ளவிட்டால் சதை வெளுத்து மதிப்பிழக்கும். ஆகையால் படகில் ஏற்றியதும் தலையில் கூரிய கம்பியால் குத்தி உடனே கொல்ல வேண்டும். நெஞ்சுத் துடுப்பின் அடியிலிருந்து ஏறத்தாழ மூன்று விரல் தள்ளி இருபுறமும் கீறி இரத்தத்தை வடியவிட வேண்டும். பெரிய மீனானால் செவுளையும் குடலையும் நீக்க வேண்டும். பிறகு ஐஸும் கடல்நீரும் கலந்த தொட்டியில் மூழ்க வைத்துக் குளிர்வித்து, ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வீதம் அடுக்கி மூட வேண்டும்.

ஐஸ் போடாத சூரையில் ஹிஸ்டமின் என்ற நச்சு உண்டாகிறது. சமைத்தாலும் அது போவதில்லை. உடம்பில் தடிப்பும் அரிப்பும் தலைவலியும் தருவது இதுதான். வலையில் பல மணி நேரம் செத்துக் கிடந்த மீனுக்கும், தூண்டிலில் உயிரோடு வந்து பக்குவம் செய்யப்பட்ட மீனுக்கும் விலையில் மிகுந்த வேறுபாடு உண்டு.

6. மாசி: எல்லா மீனும் ஏற்றுமதிக்குத் தகுந்ததாக இராது. சூரையை உப்பு நீரில் வேகவைத்து, முள் எடுத்து, புகையூட்டி, வெயிலில் காய வைத்தால் மாசிக் கருவாடு கிடைக்கிறது. மணலில் பரப்பாமல் உயரமான தட்டிகளில் உலர்த்தினால் பூச்சியும் மண்ணும் சேராது. இத்தொழில் பெண்களுக்கும் வருவாய் தரும்.

சட்டமும் அறிய வேண்டும்

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ல் இயற்றப்பட்டது. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். சுருக்குமடி வலையைத் தமிழக அரசு 2000-ஆம் ஆண்டில் தடை செய்தது. கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், வாரம் இரண்டு நாட்கள் மட்டும், கட்டுப்பாடுகளுடன் அதைப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இடைக்கால அனுமதி அளித்தது. 2025 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட ஆழ்கடல் மீன்பிடி விதிகள் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை தருகின்றன. விளக்கொளி வைத்துப் பிடிப்பதையும் இரட்டை மடியையும் அவை தடுக்கின்றன. தனியாக நின்று பெரிய படகு வாங்க இயலாத மீனவர்கள் சங்கமாகச் சேர்ந்தால் இவ்விதிகளால் பயன் பெற வாய்ப்புண்டு.

பிடிப்பும் ஓர் அடங்கல்தான்

கடைசியாக ஒன்று. நிலத்தில் என்ன பயிர், எத்தனை ஏக்கர் என்று கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் ஏறாவிட்டால் பயிர்க்கடனும் கிடைக்காது, வெள்ள நிவாரணமும் கிடைக்காது என்பதை விவசாயிகள் அனுபவத்தில் அறிவார்கள். கடலிலும் அப்படியே. எந்த நாட்டுக்கு எவ்வளவு சூரை என்று பங்கு பிரிப்பதைப் பற்றி இந்துமாக்கடல் ஆணையத்தில் 2011 முதல் பேச்சு நடந்து வருகிறது. பல ஆண்டுகளாக அதிகம் பிடித்த நாடுகள் தங்கள் பழைய கணக்கைக் காட்டிப் பங்கு கேட்கின்றன. கரையோர நாடுகள் தங்கள் மீனவரின் பிழைப்பைக் காட்டிக் கேட்கின்றன. அந்தப் பேச்சில் எழுத்தில் ஏறாத மீனுக்கு மதிப்பில்லை.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கெடுப்பாளர்கள் கரைக்கு வந்து எடை, நீளம், வகை என்று குறித்துக்கொள்ளும்போது சிலர் வரிக்கு அஞ்சியோ, வேலை அவசரத்திலோ சரியான விவரம் தருவதில்லை. அது தன் பங்கைத் தானே விட்டுக்கொடுப்பதாகும். எந்த வலை, எந்த வகைச் சூரை, எத்தனை கிலோ என்று உள்ளபடி சொல்ல வேண்டும். மணப்பாட்டுச் சிறு படகு பிடித்த ஐந்து மீனும் கணக்கில் ஏறினால்தான், பெருங்கப்பல் அள்ளும் ஐம்பது டன்னுக்கு எதிரே வாதாட நாட்டுக்கு ஆதாரம் கிடைக்கும்.

மீனைப் பக்குவப்படுத்தும் பயிற்சிக்குத் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியையும், படகு, வலை, மானியம் பற்றிய விவரங்களுக்கு மீன்வளத் துறையின் உள்ளூர் அலுவலகத்தையும் மீனவர்கள் அணுகலாம். கடலோர விவசாயக் குடும்பங்களில் படகில் பங்கு வைத்திருப்போரும் உண்டு. வலை வாங்கப் பணம் கொடுக்கும்போது கண் அளவையும், ஐஸ் பெட்டி இருக்கிறதா என்பதையும் அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.